தீபம் பார்க்கப் போன சின்னத்தாத்தா

எங்கள் இல்லத்தில் ஒரு திருமணம் நிச்சயமானால் முதற்காரியம் பூவாடைக்காரிக்குப் படையல் இடுவதுதான். பந்தற்கால் நடுவதும் பத்திரிகை அடிப்பதும் அதற்குப் பின்னரே. வட ஆற்காட்டுப் பக்கத்து அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிற பகுதியினருக்காகச் சொல்கிறேன். குடும்பத்தில் கணவர் இருக்கும்போதே மஞ்சள் குங்குமத்தோடு காலமான பெண்மணியைக் குலம் காக்கும் தெய்வமாகக் கொண்டு, நீர்நிலையிலிருந்து கலசத்தில் அழைத்து வந்து, புதுப்புடவையும் பூவும் மஞ்சளும் வைத்து வணங்குவது எங்கள் பக்கத்து வழக்கம்.

எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி என் தாத்தாவுடைய தம்பியின் மனைவி. நாங்கள் சின்னாயா என்று அழைத்தவர். 1964-ஆம் ஆண்டு, குரோதி வருஷம், எனக்குப் பதினான்கு வயதாக இருந்தபோது காலமானார். நெற்றி நிறையக் குங்குமத்தோடும் கழுத்தில் மஞ்சள் கயிற்றோடும் அவரை அனுப்பி வைத்தோம்.

ஆனால் அவருடைய கணவரை, எங்கள் சின்னத்தாத்தாவை, எங்களில் எவரும் கண்டதில்லை. என் தந்தையாரே கண்டதில்லை. 1905-ஆம் ஆண்டுக் கார்த்திகையில் தீபம் பார்க்கத் திருவண்ணாமலைக்கு நடந்து போனவர் திரும்பி வரவில்லை. அவ்வருஷம் மழை பொய்த்து, நிலத்தின்மேல் கடன் ஏறியிருந்ததாக என் தாத்தா சொல்லுவார். அண்ணன் தம்பிக்குள் ஏதோ வார்த்தை தடித்ததாகவும் ஒரு பேச்சு உண்டு. தாத்தா அதை மட்டும் சொன்னதில்லை.

சின்னாயாவுக்கு அப்போது பதினைந்து வயது. திருமணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. எங்கள் ஊர் போளூர் தாலுகாவில் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் அண்ணாமலை தீபம் எங்கள் ஊர் ஏரிக்கரையிலிருந்து ஒரு நட்சத்திரம்போலத் தெரியும். ஆண்டுதோறும் அந்த ஒரு நாள் மாலையில் சின்னாயா ஏரிக்கரைக்குத் தனியே போய் நிற்பார். மலையில் சுடர் தெரிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்து அகல் ஏற்றுவார். குழந்தைகளாகிய நாங்கள் பொரியுருண்டைக்காகக் காத்துக்கொண்டிருப்போம். அதன் பொருளெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது.

பன்னிரண்டு ஆண்டுகள் ஒருவரைப் பற்றிய செய்தியே இல்லாதிருந்தால், தருப்பைப் புல்லால் உருவம் செய்து, அதற்குத் தகனம் முதலிய கிரியைகளைச் செய்யலாம் என்பது சாஸ்திரம். (அரசாங்கத்துச் சட்டம் ஏழு ஆண்டுகளையே போதும் என்கிறது.) எங்கள் வீட்டிலும் பெரியவர்கள் கூடி, புரோகிதரையும் வரவழைத்துப் பேசினார்களாம். சின்னாயா நடுக்கூடத்துக்கு வந்து, "புல்லைக் கொளுத்துவதென்றால் என்னையும் சேர்த்துக் கொளுத்திவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாராம். அதற்குமேல் அந்தப் பேச்சை எவரும் எடுக்கவில்லை. ஆகவே சின்னத்தாத்தாவுக்குத் திதியும் இல்லை, தர்ப்பணமும் இல்லை. ஆடி அமாவாசையன்று என் தந்தையார் முன்னோர் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும்போது அவருடைய பெயர் வந்ததே கிடையாது. இருக்கின்றாரென்றே வீடு நடந்துகொண்டது.

சின்னாயாவின் நம்பிக்கைக்கு ஓர் ஆதாரமும் இருந்தது. 1908-ஆம் ஆண்டு, கீலக வருஷத்தில், கடல் கடந்த ஊரிலிருந்து அவர் பெயருக்குப் பதினைந்து ரூபாய் வந்து சேர்ந்தது. அன்றைக்கு ஓர் ஆங்கிலப் பவுன் காசின் மதிப்பும் அதுவே. சின்னாயா அந்தப் பணத்துக்கு ஒரு பவுன் வாங்கி உருக்கித் தாலிப்பொட்டு செய்துகொண்டார். தொகையோடு வந்த உறையைக் குங்குமச் சிமிழும் கற்பூரமும் இருந்த தகரப்பெட்டியில் வைத்தார். அதன் பிறகு பணமும் இல்லை, கடிதமும் இல்லை.

அந்த உறை என் கைக்கு வந்தது 1990-களில், பழைய வீட்டைப் பிரித்தபோது. அஞ்சல் முத்திரை அழிந்திருந்தது. பின்புறத்தில் மையால் எழுதிய ஓர் எண். முதல் நான்கு இலக்கங்கள் தெளிவாக இருந்தன. எஞ்சியதைப் பூச்சி அரித்துவிட்டது. கடன் கணக்கு என்றார் ஒருவர். அடகுச்சீட்டு எண் என்றார் மற்றொருவர். நானும் வியப்போடு பார்த்துவிட்டு மீண்டும் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. விடை என் கையில் இருந்தது, படிக்கத் தெரியாமல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வைத்திருந்தேன்.

அது என்னவென்று எனக்குச் சொன்னவர் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து வந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர். தம்முடைய கொள்ளுப்பாட்டனார் பிறந்த ஊரைத் தேடி எங்கள் பக்கத்துக்கு வந்திருந்தார். தமிழ் பேச வராது. ஆனால் நெற்றியில் திருநீறு. கையில் ஒரு நகல் காகிதம். அதில் கொள்ளுப்பாட்டனாரின் பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள அடையாளம் எல்லாம் வரிசையாக இருந்தன. அவற்றுக்கெல்லாம் முன்னால் ஓர் எண். அந்த எண்ணைக் கண்டதும் எனக்குத் தகரப்பெட்டி நினைவுக்கு வந்தது.

நெட்டால் என்று நம் முன்னோர் சொன்ன அந்நாட்டுக்கு முதற்கப்பல் 'ட்ரூரோ'. 1860 அக்டோபர் 12-இல் சென்னையில் புறப்பட்டு நவம்பர் 16-இல் டர்பன் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரையில் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் ஏறியவர்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம். ஆண் கூலிக்கு முதல் ஆண்டில் மாதம் 10 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கொரு ஷில்லிங் ஏற்றம். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, ஒன்றிலிருந்து தொடங்கும் வரிசையில் ஓர் எண் கொடுத்தார்கள். இறப்போ திருமணமோ தோட்ட மாற்றமோ எதுவாயினும் அந்த எண்ணின்கீழேயே பதிவாயிற்று. மனிதரை எண்ணாக்கிய கொடுமைதான் அது. ஆயினும் நூறாண்டு கழித்து ஒருவரைத் தேடுகிறவனுக்கு அந்த எண்ணைவிடப் பெரிய உதவி வேறில்லை.

பதினைந்து ரூபாய் என்பது ஒரு பவுன், அதாவது 20 ஷில்லிங். ஏறக்குறைய இரண்டு மாதக் கூலி முழுவதையும் சின்னத்தாத்தா அனுப்பியிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

தேடலில் நான் செய்த முதற்பிழையையும் சொல்லிவிட வேண்டும். உறையிலுள்ள எண்ணைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணி, பெயரை வைத்தே தொடங்கினேன். அண்ணாமலையாரின் பெயர்தான் அவருக்கும், அருணாசலம். கப்பற்பதிவுகளை இப்போது கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். என் பேத்தி தேடிப் பார்த்தாள், ஒருவரும் கிடைக்கவில்லை. ஆங்கிலேய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்களாயிற்றே. முதலியார் அங்கே 'மூட்லி' ஆனார். கவுண்டர் 'கவெண்டர்' ஆனார். நம் அருணாசலம் 'அர்னாசெல்லம்' ஆகியிருந்தார். அவ்வாறு தேடினால் ஒருவரல்லர், பலர். அவர்களில் ஒருவருக்கு வட ஆற்காடு ஜில்லா, புதூர் கிராமம் என்று இருந்தது. எங்கள் ஊரும் புதூர்தான். நான் துள்ளிக் குதிக்காத குறை. உறவினருக்கெல்லாம் சொல்லிவிட்டேன். தர்ப்பணத்துக்கு நாள் பார்க்கவும் தொடங்கிவிட்டோம்.

பேத்திதான் நிறுத்தினாள். "தாத்தா, அப்பா பெயர் வேறாக இருக்கிறதே, வயதும் பொருந்தவில்லையே" என்றாள். வயதை விட்டுவிடலாம், கேட்டதற்கு ஏதோ ஒன்றைச் சொல்லியிருப்பார்கள். தகப்பனார் பெயர் எப்படி மாறும்? அப்போதுதான் எனக்கு உறைத்தது. வட ஆற்காட்டில் புதூர் ஒன்றா இரண்டா? யாரோ ஒரு குடும்பத்தின் பிள்ளைக்கு நாங்கள் எள் இறைக்க இருந்தோம். அதிலும் பாவமொன்றுமில்லை என்று எங்கள் புரோகிதர் பிற்பாடு சிரித்துக்கொண்டே சொன்னார். இருந்தாலும் அவருக்குரியவர்கள் எங்கோ இருப்பார்களே.

இந்த இடத்தில், இத்தகைய தேடலில் இறங்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ஜில்லா எல்லைகளை மறவாதீர்கள். 1906-இல் திருவண்ணாமலை தாலுகா தென்னாற்காட்டைச் சேர்ந்தது. எங்கள் போளூர் வட ஆற்காடு. இன்றைய மாவட்டப் பெயரைக் கொண்டு தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். மொரீஷியஸுக்குப் போனவர்களின் பதிவேடுகள் அந்நாட்டின் மோக்கா என்னும் ஊரில், மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே பலருடைய புகைப்படங்களும் உண்டு. பிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் போகத் தொடங்கியது 1903-இல்தான். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இப்படி ஆளுக்கொரு சீட்டு எழுதி வைக்கவில்லை. அவர்களைத் தேடுவது மிகக் கடினம். அங்கே தோட்டத்துக் கோயிற்கணக்கும் வீட்டிலுள்ள கடிதமும் முதியவர்களின் நினைவுமே துணை. ஆகவே எண்பது வயதைக் கடந்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், இவ்வார இதழைக் கீழே வைத்துவிட்டு முதலில் அவர்களிடம் போய்க் கேளுங்கள். ஏட்டில் இல்லாதவை அவர்களிடம் இருக்கும். எனக்கும் கடைசியில் கைகொடுத்தது என் தாத்தா சொன்ன ஒரு சிறுபிள்ளைக் கதைதான்.

நம் முன்னோர் இவ்விஷயத்தில் அலட்சியமாக இருந்தவர்களல்லர். ஹரித்வாரத்துப் பண்டாக்கள் யாத்திரை வரும் ஒவ்வொரு குடும்பத்தின் வமிசாவளியையும் ஊர்வாரியாக நீண்ட ஏடுகளில் எழுதி வருகிறார்கள். பாட்டனார் கையெழுத்தைப் பேரன் அங்கே காணலாம். கடல் கடந்து போனவனுக்குத்தான் பண்டா இல்லை. வெள்ளைக்கார எழுத்தர் இருந்தார்.

உறையின் எண்ணுக்கு வருகிறேன். நெட்டால் எண்கள் 1906 வாக்கில் ஆறு இலக்கமாகியிருந்தன. முதல் நான்கு இலக்கங்கள் தெரிந்தால் மிஞ்சுவது நூறு பேர்தான். டர்பன் ஆசிரியருக்கு எழுதினேன். அவருடைய கொள்ளுப்பாட்டனாரின் ஊரைக் கிராமக் கணக்குகளைப் புரட்டி நான் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். அங்கே அவர்களுடைய குலதெய்வத்துக்குப் பொங்கலும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த நன்றியை அவர் மறக்கவில்லை. ஆவணக்காப்பகத்துக்கு நேரில் போய் அந்த நூறு பேரின் பக்கங்களையும் படமெடுத்து அனுப்பினார்.

எல்லோரும் ஒரே கப்பலில் போனவர்கள். நானும் பேத்தியும் ஒரு முழு இரவு உட்கார்ந்து படித்தோம். செங்கற்பட்டு, சேலம், தஞ்சாவூர், சித்தூர். இருபது வயது, பதினெட்டு வயது. ஒரு தாயும் மூன்று வயது மகளும். படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது. அறுபதாவது பெயரையோ எழுபதாவது பெயரையோ தாண்டிய பிறகு, 'அருனசலம்'. தகப்பனார் பெயர் என் கொள்ளுப்பாட்டனாருடைய பெயர். வட ஆற்காடு, போளூர், புதூர். வயது 22. கடைசிப் பத்தியில், உடல் அடையாளம் என்னும் தலைப்பின்கீழ், இடது புருவத்தின்மேல் தழும்பு.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது நான் கிட்டிப்புள் ஆடுவதைத் தாத்தா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டால் எழுந்து வந்து கோலைப் பிடுங்கி எறிந்துவிடுவார். வேறெதற்கும் கோபித்துக்கொள்ளாதவர். ஒருநாள் அதற்குக் காரணம் சொன்னார். சிறுவயதில் அவர் அடித்த புள் தம்பியின் இடது கண்ணுக்குமேல் பாய்ந்ததாம். புருவம் பிளந்து இரத்தம் கொட்டிற்றாம். "கண் தப்பியது அண்ணாமலையான் புண்ணியம். ஆனால் அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் அவன் என்னைப் பார்த்துச் சிரிப்பான்" என்றார். ஏதோ ஒரு துறைமுகத்துக் கொட்டகையில் முகம் தெரியாத ஒருவன் அந்தத் தழும்பைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறான். என் தாத்தா செய்த குற்றமே அவருடைய தம்பியை எங்களுக்கு அடையாளம் காட்டிற்று. பேத்தி விளக்கைப் போட்டு, எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெயருக்கு எதிரே, பிற்பாடு வேறு மையால் எழுதிய ஒரு வரியும் இருந்தது. இறப்பு, 9 ஆகஸ்டு 1909. நிமோனியாக் காய்ச்சல். வட கரையோரத்துக் கரும்புத் தோட்டம் ஒன்று. நமக்கு ஆகஸ்டு என்றால் ஆடிக்காற்று. நிலவுருண்டையின் தென்பாதியில் இருக்கும் அவ்வூருக்கு அது குளிர்காலம். ஒப்பந்தம் முடிய ஒன்றரை ஆண்டுக்கும் மேல் பாக்கி இருந்தது.

சின்னாயாவுக்கு அன்று பத்தொன்பது வயது. அதற்குப் பிறகு ஐம்பத்தைந்து கார்த்திகைகள் ஏரிக்கரையில் நின்றிருக்கிறார்.

திதியைக் கணிப்பது அடுத்த வேலை. எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளையவர்கள் 1911-இல் வெளியிட்ட 'இந்தியன் கிரானாலஜி' என்னும் நூல், கி.பி. 2000 வரையில் எந்த ஆங்கிலத் தேதிக்கும் திதி காணும் வழியைத் தருகிறது. கணக்கறிந்த நண்பர் ஒருவர் பார்த்துச் சொன்னார். சௌமிய வருஷம், ஆடி மாதம், தேய்பிறை. ஆனால் அன்று அஷ்டமியும் நவமியும் சந்திக்கின்றன. உயிர் பிரிந்த நேரம் பதிவில் இல்லை. டர்பனுக்கும் நமக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் வேறு. எங்கள் புரோகிதர் சிறிதும் தயங்கவில்லை. மாதம் தெரிந்து திதி ஐயமானால் அம்மாதத்து அமாவாசையில் செய்யலாம் என்பது விதி என்றார். "ஆடி அமாவாசையைவிட வேறென்ன வேண்டும்?" என்றார்.

சென்ற ஆடி அமாவாசையன்று சென்னைக் கடற்கரைக்கே போனோம். அவர் கப்பலேறிய கடல் அதுதானே. தந்தையார், பாட்டனார், கொள்ளுப்பாட்டனார் பெயர்களைச் சொல்லி முடித்த பிறகு, சின்னத்தாத்தாவின் பெயரைச் சொல்லி எள்ளும் நீரும் விட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்தப் பெயர் தர்ப்பணத்தில் ஒலித்தது அதுவே முதல் முறை. டர்பனில் அதே நாளில் ஆசிரியர் தம் வீட்டருகிலுள்ள மாரியம்மன் சந்நிதியில் ஒரு தேங்காய் உடைத்ததாக எழுதியிருந்தார். அங்கே இசிப்பிங்கோ என்னும் ஊரில் மாரியம்மனுக்குப் பெருவிழா புனித வெள்ளியன்றுதான். தோட்டக் கூலிகளுக்கு விடுமுறை கிடைத்த நாள் அது, அப்படியே வழக்கமாகிவிட்டது என்று அவர் முன்பு சொல்லியிருந்தார்.

இவ்வளவும் நல்லபடியாக முடிந்த பின்னர்தான் நான் அதுவரை நினைத்துப் பாராத கேள்வி வந்தது. பேத்திக்கு வரன் அமைந்தது. பூவாடைக்காரிக்குப் படையல் இட வேண்டும். உறவில் மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "சின்னாயா 1909-லேயே பூவும் பொட்டும் இழந்தவர் என்று இப்போது காகிதத்தில் வந்துவிட்டதே. இனி அவரைப் பூவாடைக்காரியாக அழைக்கலாமா? மங்கல காரியமாயிற்றே!"

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. என் மனம் தளர்ந்துவிட்டது. சின்னத்தாத்தாவுக்கு ஒரு நாளைத் தேடிக் கொடுக்கப் போய், சின்னாயாவிடம் இருந்ததைப் பறித்துவிட்டேனோ என்று தோன்றியது. அறுபது ஆண்டுகளாக எங்கள் வீட்டுப் பெண்கள் அவர் பெயரைச் சொல்லித்தான் தாலிக்கயிறு முடித்திருக்கிறார்கள்.

பதில் சொன்னவர் எண்பத்திரண்டு வயதான என் அக்காள். சின்னாயா காலமானபோது அவர் நெற்றிக்குக் கடைசியாகக் குங்குமம் இட்டவர் அவரே. "தம்பி, அவர் மஞ்சளோடு போனதை நான் பார்த்தேன். புல்லைக் கொளுத்தச் சொன்னபோதே வேண்டாம் என்றவர். இப்போது காகிதத்தைக் காட்டினால் மட்டும் ஒப்புக்கொள்வாரா? வழக்கம்போல் நடக்கட்டும்" என்றார். புரோகிதரைக் கேட்டேன். பூவாடைக்காரி வழிபாடு சாஸ்திரத்தில் எழுதியது அன்று, வீட்டுப் பெண்களின் வழக்கு, அங்கே தாம் தீர்ப்புச் சொல்வதற்கில்லை, மூத்த பெண்மணி சொன்னதே விதி என்று சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்து அவர் இவ்வளவு விரைவாக ஒரு விஷயத்தை விட்டுக்கொடுத்ததில்லை.

தை மாதத்து வெள்ளிக்கிழமையன்று ஏரியிலிருந்து கலசம் எடுத்து வந்தோம். அரக்கு நிறப் புடவை, மஞ்சள், மல்லிகை, பச்சரிசி மாவிளக்கு, அவருக்குப் பிடித்த அதிரசம். பதினைந்து ரூபாயில் செய்த தாலிப்பொட்டைத் தகரப்பெட்டியிலிருந்து எடுத்துப் புடவைமேல் வைத்தாள் மணப்பெண். பிறகு அக்காள் உள்ளே போய், நாலு முழத்தில் ஒரு புதுவேட்டி கொண்டுவந்து, மடிப்புக் கலையாமல் அந்தப் புடவைக்குப் பக்கத்தில் வைத்தார்.